அத்தான் பார்த்த வேலை

அத்தானுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். அப்படி நினைக்க அவளுக்குக் காரணங்கள் இருந்தன. மாதத்தில் பாதி நாட்கள் அவர் வீட்டில் இருக்கமாட்டார். கேட்டால் "அவுட் ஸ்டேஷன்" என்பார். ஜெனரேட்டர் திருத்தும் கம்பனியில் வேலை, மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் போகவேண்டியிருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தார். ஆனால் அவருடைய உடுப்பில் ஒருநாளும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததில்லை. அதைவிட, பயணம் போவதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே சவர்க்காரம் போட்டுக் குளிப்பதை நிறுத்திவிடுவார். பவுடர் இல்லை. சிகரெட் இல்லை. தலைக்கு எண்ணெயும் வைப்பதில்லை.

"அவளுக்கு வாசம் பிடிக்காதாக்கும்" என்று சொல்லி அக்கா என்னிடம் அழுதாள்.

அக்காவும் அத்தானும் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். நான் வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அம்மாவோடு ஒரு ஃபிளாட்டில் இருந்தேன். காலி வீதியில் ஒரு பார்மசியில் மருந்து கலவையாளராக வேலை. இன்றைக்கும் அதே ஃபிளாட், அதே பார்மசி. அம்மா மட்டும் இல்லை.

அக்காவினுடையது காதல் கலியாணம். அவள் வேலை செய்த கொமினிகேஷன் கடைக்கு வவுனியாவுக்குக் கோல் எடுக்க வந்தவர்தான் அத்தான். வன்னியில் காட்டோரக் கிராமம் ஒன்று அவருடைய ஊர். தகப்பன் இல்லை, தம்பி இல்லை, தாய் வவுனியாவில் ஒரு அகதி முகாமில் இருந்து செத்துப்போனா என்று மட்டும் சொன்னார். எப்படி இல்லாமற் போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. "ஆர் எவரெண்டு தெரியாத ஆளுக்கு எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது?" என்று கத்தினா. அக்கா பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றாள்.

அத்தானை எனக்குப் பிடிக்கும். மெலிந்த, கறுத்த, சத்தமில்லாத மனிதர். படியேறி வந்தால் அவர் வந்து நிற்பது தெரியாது. திரும்பிப் பார்த்து நான் பலமுறை திடுக்கிட்டிருக்கிறேன். ஒருநாள் பின்னேரம் அக்கா வீட்டிலிருந்து என்னை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய் விடுவதற்காக அவரும் பஸ்ஸில் வந்தார். வழியில் செக் பொயின்ற். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வயதான தமிழரிடம் கொழும்பில் என்ன வேலை, எங்கே தங்கியிருக்கிறாய், பொலிஸ் பதிவு எங்கே என்று ஒரு ஆமிப் பொடியன் சிங்களத்தில் அதட்டிக்கொண்டிருந்தான். எங்கள் முறை வந்தபோது அத்தான் சேட் பொக்கற்றிலிருந்து ஒரு அட்டையை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்துக் காட்டினார். அந்தப் பொடியன் நிமிர்ந்துவிட்டான். "யன்ன சேர்" என்று வழிவிட்டான். என் அட்டையை அவன் வாங்கிப் பார்க்கவேயில்லை.

பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்.

"என்ன அத்தான் காட்டினீங்கள்?"

"கம்பனிக் காட். ஆமிக் காம்புகளுக்கும் நாங்கள்தான் ஜெனரேட்டர் திருத்திறது. அதாலை தெரியும்."

நான் நம்பினேன். வரிசையில் நிற்காமல் வீட்டுக்குப் போகக் கிடைத்தால் அந்தக் காலத்தில் எதையும் நம்பலாம்.

அக்காவின் மகனுக்கு ஒரு வயது ஆனபோது அத்தான் ஒரு பயணத்திலிருந்து நடக்கமுடியாமல் வந்தார். அக்கா எனக்குக் கோல் எடுத்து, மருந்துகளோடு வரச்சொன்னாள். அவருடைய கால் விரல்களுக்கிடையில் தோல் ஊறி வெள்ளையாக உரிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த புண்கள். கெண்டைக்காலில் ஒரு முள் உடைந்து உள்ளே இருந்து சீழ் வைத்திருந்தது. நான் சுத்தம் செய்து மருந்து கட்டினேன். குசினிக்குள் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்: "இது ஜெனரேட்டர் திருத்தின கால் இல்லையக்கா. பொம்பிளையிட்டைப் போய்வந்த காலும் இல்லை."

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நேரே போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"சொல்லுங்கோ. ஆர் அவள்?"

அத்தானுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் எழும்பிப் போகப் பார்த்தேன். "நீர் இரும்" என்றார். "உமக்கும் தெரிஞ்சால் நல்லது. எனக்கு ஏதும் நடந்தா இவவுக்கு ஆர் இருக்கினம்?"

அன்றைக்குத்தான் சொன்னார். ஆமியில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. ஆட்கள் மிகக் கொஞ்சம். அதற்குப் பிற்காலத்தில் பத்திரிகைக்காரர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்; அத்தான் பெயர் எதுவும் சொல்லவில்லை, "வேலை" என்றுதான் சொன்னார். நாலைந்து ஆமிக்காரரும் ஒன்றிரண்டு தமிழரும் ஒரு குழுவாகப் போவார்கள். இயக்கத்துக்காரரின் உடுப்பைப் போலவே உடுத்து, இயக்கத்தின் பகுதிக்குள் காட்டுவழியாக நடந்து போய், ஒரு வீதிக்கரையில் நாட்கணக்காகப் படுத்திருப்பார்கள். பெரிய ஆள் ஒருவர் அந்த வழியாக வாகனத்தில் வருவார் என்று தகவல் இருக்கும். வீதியோரம் கிளைமோர்க் குண்டு வைத்திருப்பார்கள். வாகனம் வரும், வெடிக்கும், வந்த வழியே திரும்பி நடப்பார்கள். சவர்க்கார வாசமும் சிகரெட் வாசமும் காட்டுக்குள் வெகுதூரத்துக்குப் போகுமாம். ஊரில் தகப்பனோடு வேட்டைக்குப் போய்ப் பழகிய அத்தானுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்களை ஏன் கூட்டிக்கொண்டு போறவை?" என்று நான் கேட்டேன்.

"வழி காட்ட. பிறகு, ஆளைப் பாத்துச் சொல்ல. பைனாக்குலரிலை பாத்து, இவர்தான், இந்த வாகனம்தான் எண்டு நான் சொல்லவேணும். சுவிச்சை அழுத்திறது வேறை ஆள்."

அக்கா அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள். "ஆமியோடை ஏன் போனீங்கள்?"

அத்தானின் தகப்பன் ஆமிக்குப் பாதை காட்டியதாகச் சொல்லி இயக்கம் அவரைச் சந்தியில் வைத்துச் சுட்டு, கழுத்தில் மட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தது. அவர் யாருக்கும் பாதை காட்டவில்லை, தேன் எடுக்கப் போனவர் என்று அத்தான் சொன்னார். அதற்கு முன்பே தம்பியை இயக்கம் கொண்டுபோய், அவன் ஏதோ ஒரு சண்டையில் முடிந்திருந்தான். அத்தான் வவுனியாவுக்குத் தப்பிவந்து, ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டார். முகாமில் ஒரு கேப்டன் கேட்டார், காடு தெரியுமா என்று.

"தெரியாதெண்டு சொல்லியிருந்தா என்ன நடந்திருக்குமெண்டு எனக்குத் தெரியும்" என்றார் அத்தான். "ஆனா நான் பயத்திலை ஓமெண்டு சொல்லேல்லை. அப்பாவை நினைச்சுத்தான் சொன்னனான்."

பிள்ளை அக்காவின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னாள், "அது ஒரு பொம்பிளையாவே இருந்திருக்கலாம்."

அவள் இன்னொன்று கேட்டாள்: "நீங்கள் பாத்துச் சொல்லுறது பிழைச்சுதெண்டா?" அத்தான் குனிந்து காலில் இருந்த கட்டைத் தளர்த்திக் கட்டினார்.

அதன்பிறகு அக்கா வாழ்ந்த வாழ்க்கையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வன்னியில் கிளைமோர் வெடித்தது என்று ரேடியோவில் செய்தி தொடங்கினாலே எழும்பிப்போய் நிறுத்திவிடுவாள். என் பார்மசியில் பிரஷர் மாத்திரைக்கு வரும் எங்கள் ஆட்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். "காட்டுக்குள்ளாலை பேய் மாதிரி வாறாங்களாம். எங்கடை ஆக்கள் வழி காட்டாமல் உவங்களுக்கு வழி தெரியுமே? காட்டிக் குடுக்கிறவனைத்தான் முதல் நிக்கவைச்சுச் சுடவேணும்" என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்னார். நான் அவருக்கு மாத்திரையை எண்ணிப் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஒரு பயணத்திலிருந்து அத்தான் வேறு ஆளாக வந்தார். காலில் காயமில்லை, உடம்பில் காய்ச்சலில்லை. ஆனால் மகனைத் தூக்கமாட்டேன் என்றார். பிள்ளை "அப்பா" என்று ஓடிவந்து காலைக் கட்டிப்பிடித்தால் கைகளை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பார். அக்கா வந்து பிள்ளையைப் பிரித்து எடுப்பாள். என்ன நடந்தது என்று அவள் எத்தனையோ தரம் கேட்டாள். சொல்லவேயில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில் சமாதானம் வந்தது. வெள்ளவத்தையே சந்தோஷத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து, ஒழுங்கைக்கு ஒழுங்கை அங்கே போகும் வான்கள் நின்றன. வருஷக்கணக்காக ஊரைக் காணாதவர்கள் சாமான் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். போய்வந்தவர்கள் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். அத்தான் மட்டும், "இனித்தான் எங்களுக்குச் சண்டை" என்றார்.

அவர் சொன்னது சரியாகிவிட்டது. திறந்த பாதையால் இயக்கத்தின் ஆட்களும் கொழும்புக்கு வந்தார்கள். எப்படியோ பெயர்கள் வெளியே போய்விட்டன. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பிரிவில் வேலை செய்த தமிழ் ஆட்களில் ஒருவரைத் தெஹிவளையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சுட்டார்கள். இன்னொருவரை முகத்துவாரத்தில், மீன் வாங்கிக்கொண்டு வந்தபோது சுட்டார்கள். பேப்பரில் "இனந்தெரியாத நபர்கள்" என்று இரண்டு வரி வந்தது. இரண்டுபேரையும் அத்தானுக்குத் தெரியும். தன் கேப்டனுக்குக் கோல் எடுத்தார். "பயப்படாதே மல்லி, வீட்டை மாற்று" என்று தம்பியிடம் சொல்வதுபோல அவர் சொன்னாராம். அடுத்தமுறை எடுத்தபோது அந்த நம்பர் வேலை செய்யவில்லை. அதற்கடுத்த முறையும்.

அத்தானை மட்டும், ஒளித்திருப்பதற்காக, எங்கள் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்து விட்டது ஒரு முஸ்லிம் ஆள். த்ரீவீலரை ஒழுங்கைக்குள் ஏற்றி நிறுத்தி, அத்தான் மேலே போய்க் கதவு சாத்தும்வரை கீழே நின்று பார்த்துவிட்டுப் போனார். அம்மாவிடம், அத்தானுக்குச் செங்கமாரி எனும் மஞ்சட்காமாலை, கொட்டாஞ்சேனை வெக்கையில் இருக்கக்கூடாது என்று பொய் சொன்னோம். அம்மா அதை நம்பி உப்பில்லாமல் சமைத்துப்போட்டா. அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். நாள் முழுக்க வீட்டுக்குள் இருக்கும் மனிதர் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொடுத்தார், முருங்கையிலை உருவிக்கொடுத்தார், பிளாஸ்ரிக் கதிரையின் உடைந்த காலைக் கம்பி வைத்துக் கட்டிக்கொடுத்தார். ஒருநாள் நான் வேலையால் வந்தபோது அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "நல்ல பிள்ளையடி. நான்தான் வீணாக் கத்திப்போட்டன்" என்றா. கலியாணம் முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவவுக்கு மருமகனைப் பிடித்திருந்தது. அத்தான் அந்த வீட்டில் ஜன்னல் பக்கம் போகவேமாட்டார். திரைச்சீலைக்குப் பக்கத்தில் சுவரோடு நின்று, கீழே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மகனுக்குக் காய்ச்சல் என்று அக்கா ஒருநாள் கோல் எடுத்தாள். நான் வேலைக்குப் போனதும் மருந்து கொடுத்தனுப்புகிறேன் என்றேன். அத்தான் வேறு சேட் எடுத்துப் போட்டார். "போகாதேங்கோ" என்றேன். "ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்றார். பட்டப்பகல், சனம் நிறைந்த பஸ், யார் என்ன செய்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மற்றதெல்லாம் அக்கா சொன்னது. அத்தான் நேரே வீட்டுக்கு வந்து, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அவனைத் தூக்கித் தோளில் போட்டாராம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தூக்குகிறார். அக்காவுக்குச் சந்தோஷம். மூன்றுபேருமாக டிஸ்பென்சரிக்குப் போய் மருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வீதியில் ஒரு மோட்டார்சைக்கிள் வேகத்தைக் குறைப்பது கேட்டிருக்கிறது. அக்காவுக்கு அது ஒன்றுமாகப் படவில்லை. அத்தான் திரும்பிப் பார்க்காமலே பிள்ளையைத் தோளிலிருந்து எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். "பிடி" என்றார். பிறகு அவர்களை விட்டு வீதியைக் கடந்து மற்றப் பக்கத்துக்கு வேகமாக நடந்தார். ஓடவில்லை, நடந்தார். "எங்களோடை வந்தவர் மாதிரியே காட்டிக்கொள்ளேல்லை" என்று அக்கா பின்னர் திரும்பத் திரும்பச் சொன்னாள். பழவண்டிக்குப் பக்கத்தில் சுட்டார்கள்.

பொரளையில் மலர்ச்சாலை ஒன்றில் உடலை வைத்திருந்து, கனத்தை மயானத்தில் எரித்தோம். வந்தவர்களை ஒரே வானுக்குள் ஏற்றிவிடலாம். எப்படியோ கதை பரவியிருந்தது. எங்கள் ஃபிளாட்காரர் ஒருவரும் வரவில்லை. ஐயர் மந்திரத்தைச் சுருக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஆமியிலிருந்தும் யாரும் வரவில்லை. அக்கா முகாம் வாசல்வரை போய் அத்தானின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அப்படி ஒரு ஆள் இங்கே ஒருநாளும் வேலை செய்யவில்லை என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்காரர் வீட்டை விடச்சொன்னார். கனடாவிலிருந்த மாமா முயற்சி செய்து அக்காவையும் மகனையும் எடுப்பித்தார். விமானநிலையத்தில் அந்தப் பிள்ளை தகப்பனைப் போலவே சத்தமில்லாமல் நடந்துபோனான்.

பிறகு சண்டை திரும்பவும் வந்து, முடிந்தும் போனது. அம்மா போனா. வெள்ளவத்தையில் வீடுகளையெல்லாம் உடைத்து மாடி மாடியாக எழுப்பிவிட்டார்கள்.

போன வருஷம், ஊன்றுகோலோடு ஒருவர் பார்மசிக்கு இன்சுலின் வாங்க வந்தார். வெள்ளைத் தாடி, ஒரு கால் செயற்கைக் கால். மருந்துத் துண்டைக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சிக்கு என்னத் தெரியாதா?" என்றார். "ஒரு நாள் உங்கட மச்சான த்ரீவீல்ல கொண்டுவந்து உட்டது நான்தான்."

துண்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் அத்தானோடு அதே பிரிவில் இருந்த ஆமிக்காரர். தெஹிவளைக்காரர். பிறகு நடந்த சண்டையில் காலை இழந்து, இப்போது மகனின் போன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்று கூப்பிடத் தொடங்கினேன். மருந்துக்கு வரும் நாட்களில் எங்கள் கடையில் ஆட்கள் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்து கொஞ்சநேரம் கதைப்பார். அந்தப் பிரிவை எப்படித் தொடங்கினார்கள், யார் யாரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் தகவல் எடுக்கத்தான் உள்ளே அனுப்பினார்களாம். ஒளித்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவது மட்டும்தான் வேலை. ஒரு குழு தற்செயலாக ஒரு வாகனத்தை அடித்துவிட்டுத் தப்பிவந்தது. மேலே இருந்தவர்களுக்கு அது பிடித்துவிட்டது. அதன்பிறகு அடிப்பதே வேலையாகிவிட்டது. காயப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு நடக்கமுடியாது என்றால் என்ன செய்வது என்று போகமுதலே பேசி முடிவெடுத்துவிடுவார்களாம்.

"தமிழ் ஆக்கள் இல்லாட்டி எங்களால ஒரு மைல் போக ஏலாது" என்றார். "எங்களுக்கு மெடல் தந்தாங்க. அவங்களுக்குப் பேரே இல்ல. சுட்டுப் போட்ட நேரம், மையத்து ஊட்டுக்குப் போகவும் எங்களுக்கு ஓடர் இல்ல."

அக்கா ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்கு வந்தபோது, அவளைப் பார்க்கவேண்டும் என்று நானா கேட்டார். அக்காவிடம் சொன்னேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "வரச்சொல்லு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வந்தார். கூட வந்திருந்த அக்காவின் மகன் உறவுக்காரப் பொடியன்களோடு மரைன் டிரைவுக்குப் போயிருந்தான். அவனுக்கு இப்போது தகப்பன் சாகும்போது இருந்த வயது வரப்போகிறது. அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தாள். வேறு எதுவும் கேட்காமல் நேரே கேட்டாள்:

"கடைசியாக் காட்டுக்குப் போய்வந்து அவர் பிள்ளையைத் தூக்கேல்லை. ஏன்?"

நானா கோப்பையைக் கீழே வைத்தார்.

"செல்லாம ஈக்கலாம் எண்டுதான் நினைச்சன்" என்றார். "நீங்க கேக்கிறீங்க. பெரிய ஆள் ஒருத்தர் வெள்ள வேன்ல வாராரெண்டு தகவல். வேன் வந்திச்சி. அவர் பார்த்தாரு. 'ஓம், அதான்'டு சென்னாரு. சுவிச்ச அழுத்தினது நான். கிட்டப் போய்ப் பார்த்தா கிளினிக்குப் போற ஆக்கள். புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க. கைப்புள்ளையும் ஈந்திச்சி."

அக்கா அசையவில்லை.

"உடனே ஓடணும், அதுதான் சட்டம். அவர் ஓடல்ல. வேனுக்குள்ள கைய உட்டு ஒவ்வொருத்தரா மூச்சு ஈக்கிதாண்டு பார்த்தாரு. நாங்க ரெண்டு பேர் சேர்ந்து இழுத்துட்டு வந்தம். வார வழியெல்லாம் கைய எலையில தொடச்சிட்டே வந்தாரு. ஆனா வழி பிழைக்கல்ல, தங்கச்சி. எங்க எல்லாரையும் உசிரோட கொண்டுவந்து சேர்த்தாரு."

"அவர் பிழையாப் பாத்தவரோ?" அக்கா கேட்டாள். "இல்லாட்டி தகவல் பிழையோ?"

"அவர் பார்த்தது அவங்க சென்ன வேனத்தான். நம்பரும் சரி. ஏன் அந்தப் பொம்பளைங்க அதுல வந்தாங்கண்டு எங்களுக்குத் தெரியா."

அப்போது கீழே ரயில் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கதவு திறந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. மகன் வாசலில் நின்றான். எப்போதிருந்து நிற்கிறான் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தபோது, போதுமான நேரம் நின்றிருக்கிறான் என்று தெரிந்தது.

அவன் வேறு கதையோடு வளர்ந்தவன். அரசாங்கத்தின் ஆட்கள்தான் அப்பாவைச் சுட்டார்கள் என்று அக்கா சொல்லிவைத்திருந்தாள். டொரண்டோவில் நவம்பர் மாதம் மண்டபத்தில் சனம் கூடி, செத்துப்போன இயக்கத்து மாவீரருக்கு விளக்கேற்றும்போது அவனும் தகப்பனை நினைத்து ஒன்று ஏற்றுவான். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அம்மா, அப்பா ஆமியோடையா இருந்தவர்?" என்றான்.

"ஓம்."

"அப்ப ஆர் சுட்டது?"

"இயக்கம்."

"நீங்கள் எனக்குப் பொய் சொன்னனீங்களா? இவ்வளவு காலமும்?"

"ஓம்" என்றாள் அக்கா. "நீ அங்கை வளந்தனி. அந்தப் பள்ளிக்கூடம், அந்தப் பிள்ளையள், அந்த ஆக்கள். உன்ரை அப்பா ஆமிக்கு ஆள் காட்டினவர் எண்டு சொல்லி உன்னை அங்கை எப்பிடித் தலை நிமிந்து நடக்கவிடுறது? எனக்குத் தெரியேல்லை. உனக்குத் தெரிஞ்சால் நீ சொல்லு."

நானா எழும்ப முயன்றார். செயற்கைக் கால் கதிரைக்குள் மாட்டிக்கொண்டது. அவன்தான் வந்து பிடித்து எழுப்பிவிட்டான். பிடித்த கையை விடாமல் கேட்டான்: "அந்த ரோட் எங்கை?"

இரண்டு நாள் அவன் தாயோடு பேசவில்லை. பிறகு வாடகைக்கு ஒரு வானைப் பிடித்துக்கொண்டு வன்னிக்குத் தனியாகப் போனான். நானா சொன்ன குளத்தின் பெயர், சந்தியின் பெயர் எல்லாவற்றையும் போனில் குறித்திருந்தான். பின்னேரம் எனக்குக் கோல் எடுத்தான். காற்றுச் சத்தத்துக்குள்ளால் குரல் வந்தது.

"சித்தி, இஞ்சை ஒண்டும் இல்லை. கார்ப்பெற் ரோட். பெரிய ரோட். காடே இல்லை."

"ஆரிட்டையும் கேட்டனியோ?"

"ஒரு கடையிலை ஒரு அம்மா இருந்தவ. கிளினிக்குப் போன வானிலை கிளைமோர் வெடிச்சது தெரியுமோ எண்டு கேட்டன். எந்த வான் தம்பி, இந்த ரோட்டிலை ஒண்டா ரெண்டா எண்டு கேட்டவ." ஒரு லொறி போகும் சத்தம் கேட்டது. "நீ அவையின்ரை சொந்தமோ எண்டு கேட்டவ, சித்தி. நான் என்ன சொல்லுறது?"

"என்ன சொன்னனி?"

"ஓமெண்டு சொன்னன். அவ சோடா உடைச்சுத் தந்தா."

அவனும் அக்காவும் ஒன்றாகத்தான் திரும்பிப் போனார்கள். விமானநிலையத்தில் அவளுடைய பெட்டியை அவனே தள்ளினான். பேசிக்கொண்டார்களா என்று நான் கவனிக்கவில்லை, கவனிக்க விரும்பவில்லை. இந்த நவம்பரில் மண்டபத்துக்கு அவன் போகவில்லை என்று அக்கா சொன்னாள். வீட்டில் தன் அறையில் இருந்தானாம். அவள் கதவைத் தட்டவில்லையாம்.

போன கிழமை நானா இன்சுலினுக்கு வந்திருந்தார். வாங்கில் இருந்து, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாத்தினார்.

"உங்கட அக்காட மகன் எனக்குக் கோல் எடுத்தாரு" என்றார். "காட்டுக்குள்ள படுத்திருக்கிற நேரத்தில அப்பா என்ன கதைப்பாரெண்டு கேட்டாரு. ஊட்டப் பத்தி, தன்னப் பத்தி ஏதாவது செல்லியிருக்கிறாராண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

அவர் மருந்துப் பையை மடியில் வைத்து, அதன் வாயை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தச் செல்ல, தங்கச்சி? காட்டுக்குள்ள நாங்க கதைக்கிறதே இல்லயே."